நாளைய பட்டியலில் ஏழாவது ஆள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மொட்டைமாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவில். கொண்டுவந்தவள் என் நாத்தனார்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாத்தனார் இப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது "எங்க அண்ணன் இளைச்சுப் போயிட்டான்" என்பதாகத்தான் இருக்கும். பதினான்கு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். போர்வையை உதறிக்கொண்டே, "சொல்லு, அதையும் கேட்டுடறேன்" என்றேன்.

"நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்."

"ஸ்கூட்டர்லயா?"

"இல்ல அண்ணி. கம்ப்யூட்டர்ல."

நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷமாக வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள் நான். அத்தியாயத்தை முடிக்க நல்ல வரி என்றுதான் முதலில் தோன்றியது. அந்தச் சிரிப்பை இங்கே எழுதாமல் மேலே போனால், இந்தக் கதையில் நான் ஒருத்தி மட்டும் யோக்கியமானவளாகிவிடுவேன்.

தொடர்கதைக்காரி என்பதால் விஷயத்தைக் கடைசி வரை முந்தானையில் முடிந்து வைத்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். இப்போதே அவிழ்த்துவிடுகிறேன். ஒரு பெண் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனைத் தான் எடுக்காமல் விட்டதால்தான் தன் புருஷன் செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மகளும் அதையே நம்புகிறாள். அம்மாவை அம்மா என்று கூப்பிடுவதையே அந்த மகள் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவே இல்லை. இது என் நாத்தனாருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கும் தெரியும். இந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்கும் தெரியும். தெரிய வேண்டியவளுக்கு மட்டும் தெரியாது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிக் கிழித்தவற்றில் இரண்டைக் காட்டுகிறேன்.

'ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் எதிரொலித்தது. யார் அது? அவள் சட்டென்று திரும்பிப்'

(திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. என் பழக்கதோஷம்.)

'கம்ப்யூட்டர் என்னும் அற்புதச் சாதனம் இன்று மனித வாழ்வின் சகல துறைகளிலும்'

(பத்துக்கு ஆறு மதிப்பெண். உட்கார்.)

நேராகவே போகலாம். என் நாத்தனாரை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். குட்டிக்கு முப்பத்தாறு வயது. கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூக்கம் வழியும் கண்கள். ப்ரோக்ராம் எழுதுவது வேலை. அவள் கம்பெனியிடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்து, இருதயப் பிரிவுக்கு ஒரு வரிசை செய்து தரச் சொன்னது. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் அங்கே ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஏழு பேருக்குப் பார்க்கலாம். காத்திருப்பவர்களோ முந்நூறுக்கு மேல். அதுவரை ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவந்தார்கள். அந்த நோட்டில் ஒரு விசேஷம்: இரண்டு பெயர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பெயர் பொடி எழுத்தில் திடீரென்று முளைக்கும். யாருக்காவது வேண்டியவராக இருப்பார்.

குட்டி அதற்கு முடிவு கட்டினாள். க்யூ என்பது அவள் தொழிலில் தினமும் புழங்குகிற சாமான். முதலில் ஒரு அச்சு செய்ய வேண்டும். அதை அவர்கள் கிளாஸ் என்கிறார்கள். அந்த அச்சில் வார்த்து எடுப்பது ஆப்ஜெக்ட். இருதயத்துக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை என்று ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். குட்டியின் வரிசைக்கு மூன்றே மூன்று வேலைகள்தான் தெரியும். 'சேர்' என்றால் வந்தவரைக் கடைசியில் நிறுத்தும். 'எடு' என்றால் முதலில் நிற்பவரை வெளியே எடுத்து, அவர் பெயருக்கு நேரே 'அழைக்கப்பட்டார்' என்று தேதி போடும். 'பார்' என்றால் முதலில் நிற்பவர் யார் என்று மட்டும் சொல்லும், அவரை அசைக்காது.

"நடுவுல நுழையணும்னா?" என்று கேட்டேன்.

"நுழையவே முடியாது. உள்ள இருக்கிற பட்டியலை வெளியிலேர்ந்து யாரும் தொட முடியாதபடி பூட்டிட்டேன்."

"ஆஸ்பத்திரி டைரக்டரோட மாமனாரா இருந்தா?"

"மாமனார் என்ன, டைரக்டரே நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வந்தாலும் பின்னாலதான் நிக்கணும்."

இதைச் சொன்னபோது ஒரு நொடி அவள் முகத்தில் பழைய பெருமை தெரிந்தது. உடனே அணைந்தும் போனது. எனக்கு அந்தப் பெருமை பிடித்திருந்தது. கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

(பக்கத்தின் அடியில் போட வேண்டியது; இங்கேயே போடுகிறேன். யாரும் உள்ளே நுழைய முடியாத வரிசையில், யார் காணாமல் போனார் என்றும் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இதை நான் பிறகுதான் யோசித்தேன். குட்டியும்தான்.)

3

வரிசை மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு டைரக்டருக்கு ஒரு ஆசை வந்தது. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்களாம். அவர்கள் முன்னால் ஒரு பொத்தானை அழுத்தினால், நாளைக்கு அழைக்கவேண்டிய ஏழு பேரும் திரையில் வர வேண்டுமாம். 'நாளைய பட்டியல்' என்று அந்தப் பொத்தானுக்குப் பெயரும் அவரே வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் வேண்டும் என்றார்கள். குட்டிக்கு ஒரு சிக்கல். அவளுடைய வரிசை முதல் ஆளை மட்டும்தான் காட்டும். இரண்டாம் ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் முதல் ஆளை எடுத்தாக வேண்டும். ஏழு பேரைப் பார்க்க ஏழு பேரையும் எடுக்க வேண்டும். அசல் வரிசையில் கைவைத்தால் வம்பு. சரி, ஒரு நகல் எடுத்துக்கொள்வோம், நகலிலிருந்து ஏழு பேரை எடுத்துத் திரையில் காட்டுவோம், பிறகு நகலைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று நினைத்தாள்.

நினைத்தது சரி. எழுதியதுதான் தப்பு. 'நகல் என்பது வரிசை' என்ற பொருளில் ஒரே ஒரு வரி எழுதினாள். அவள் எழுதிய மொழியில் அப்படிச் சொன்னால் இரண்டாவது வரிசை பிறக்காது. இருக்கிற வரிசைக்கே இரண்டாவதாக ஒரு பெயர் வைத்ததாகிவிடும்.

"புரியலையே குட்டி."

"என்னை வீட்டுல குட்டின்னு கூப்பிடறீங்க. ஆபீஸ்ல மேடம்ங்கறாங்க. மேடத்துக்கு ஊசி போட்டா குட்டிக்கு வலிக்குமா, வலிக்காதா?"

புரிந்தது.

நகல் என்று பெயர் சூட்டப்பட்ட அசல் வரிசையிலிருந்து ஏழு பேர் வெளியே எடுக்கப்படுவார்கள். ஏழு பேருக்கு நேரேயும் 'அழைக்கப்பட்டார்' என்று விழும். உண்மையில் யாரும் யாரையும் அழைத்திருக்க மாட்டார்கள்.

பரிசோதித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தாள். தன் கம்ப்யூட்டரில் இருபது பொய்ப் பெயர்களைப் போட்டு (தன்னோடு பள்ளியில் படித்துத் தனக்குப் பிடிக்காமல் போனவர்களின் பெயர்களாம்) பொத்தானை அழுத்தினாள். ஏழு பெயரும் அச்சு அசலாக வந்தன. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சரியாக வந்தன. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இருபது பேரும் புதிதாக வந்து நின்றதால், போன ஏழு பேரை அவள் தேடவே நேரவில்லை.

4

டைரக்டர் அந்தப் பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். பார்வையாளர்கள் தலையாட்டினார்கள். பிறகு அந்தப் பொத்தான் இருப்பதையே அவர் மறந்துபோனார்.

அழைப்பு மேசையில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். காலையில் 'எடு' என்று தட்டுவார். திரையில் வரும் எண்ணுக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க" என்பார். பார்வையாளர்கள் வந்துபோன மறுநாள் அவர் 'எடு' தட்டியபோது வந்தது எட்டாவது ஆளின் எண். அந்த ஆள் போனிலேயே சந்தோஷப்பட்டாராம்: "நாளன்னிக்குன்னு இல்ல சொன்னீங்க?" மைக் அக்காவும் சிரித்துக்கொண்டே, "நல்ல நேரம்னு வெச்சிக்கோங்க சார்" என்றிருக்கிறார்.

மூன்று நாள் கழிந்தது. வராதவர்களுக்கு 'வரவில்லை' என்று தானாக முத்திரை விழுவது குட்டி செய்துவைத்த ஏற்பாடுதான். அது ஏழு பேருக்கும் விழுந்தது.

அதில் ஆறு பேர் அடுத்தடுத்த வாரங்களில் வந்து சண்டை போட்டார்கள். "கூப்பிட்டா வர்றதில்ல, அப்புறம் வந்து எங்க தலையை உருட்ட வேண்டியது" என்று மைக் அக்காவும் பதிலுக்குக் கத்தினார். திரை அப்படித்தான் சொன்னது. ஆறு பேரும் மறுபடி வரிசையின் கடைசியில் சேர்ந்தார்கள்.

ஏழாவது ஆள் சண்டைக்கு வரவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வயது நாற்பத்தெட்டு. இரண்டு மாடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "ஒண்ணும் ஆகாது, அப்படியே உக்காருங்க, நான் வந்துட்டேன்" என்று மேலிருந்து குரல் கொடுப்பதே தொழிலாக இருந்தவர். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது. ஒன்பதாவது வாரம் மனைவி பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

மைக் அக்கா திரையைப் பார்த்துச் சொன்னார்: "உங்களைக் கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சு! நீங்கதாம்மா எடுக்கல. இப்ப மறுபடி கடைசியிலதான் போட முடியும்."

போட்டார்கள். அதன்பின் மூன்றாவது வாரம், ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கையில் எண்ணெய்த் துணியோடு அவர் சரிந்தார். லிஃப்ட் வேலை செய்யாததால் படி வழியாகத்தான் கீழே இறக்க முடிந்தது.

(மைக் அக்காவை வில்லியாக்கலாம் என்று ஒரு சபலம் இருந்தது. உருட்டுக் கண், வெடுக்குப் பேச்சு, எல்லாம் தயார். ஆனால் அவர் பொய் சொல்லவில்லையே. திரையில் இருந்ததைப் படித்தார். விட்டுவிட்டேன்.)

அவர் போய் வெகுநாள் கழித்துத்தான் குட்டிக்குத் தன் தவறு தெரியவந்தது. கண் பிரிவுக்கும் அதே மாதிரி பொத்தான் கேட்டார்கள். பழைய வரிகளைத் திறந்தாள்.

5

தெரிந்ததும் அந்த வீட்டுக்குப் போனாள். இந்தக் காட்சியை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

'"என்னை மன்னிச்சிடுங்கக்கா!" என்று கதறியபடி அவள் காலில் விழுந்தாள். அந்தத் தாயின் கண்களிலிருந்து தாரை தாரையாக'

வாசகர் கடிதம் நூறு வரும். ஆனால் நடந்தது வேறு.

லிஃப்ட்காரர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறிப் போனாள். கதவைத் திறந்தது பதினைந்து வயது மகள். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் உள்ளே திரும்பி, யாரையும் பார்க்காமல், "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்காங்களாம்" என்று சுவருக்குச் சொன்னாள். குட்டி என்னவோ கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது. அவங்களைக் கேளுங்க" என்றாள். அவங்க என்றது சொந்த அம்மாவை.

அம்மா வந்தார். லாண்டரி ஒன்றில் வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற இடம். கழுத்தில் ஒரு துணிப் பையைத் தொங்கவிட்டிருந்தார். அதில் போன்.

"உக்காரும்மா. எதுக்கு இப்ப வந்திருக்கீங்க?"

சொல்வதற்காகத்தான் போயிருந்தாள். வாயில் வந்தது வேறு. "உங்க போன் நம்பரைச் சரிபார்க்கணும்க்கா. ரிக்கார்டுக்காக."

"இப்ப எதுக்கும்மா அது?" என்ற அந்த அக்கா, தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் மாதிரி. "லிஃப்ட் குழிக்குள்ள எனக்கு சிக்னல் கிடைக்காது, உன் நம்பரைக் குடுன்னாரு. குடுத்தேன். எங்க லாண்டரியில ஆறு டிரம் ஒரே நேரத்துல சுத்தும். பக்கத்துல நிக்கிறவ கத்தினாக்கூட காதுல விழாது. எந்த நேரத்துல அடிச்சாங்களோ. தேடிப் பார்த்தேன், அந்தப் போன்ல பழைய காலெல்லாம் அழிஞ்சுபோச்சு. எம் மாமியா கேட்டாங்க, ஒரு போனை எடுக்கக்கூடத் துப்பில்லையாடின்னு. சரியாத்தானே கேட்டாங்க?"

குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஒரு வாரப் பத்திரிகை விரிந்தபடி கிடந்தது. அதில் என் தொடர்.

"சரி, நம்பரைச் சரிபார்க்கணும்னா அடிச்சுத்தான் பாருங்களேன்" என்றார் அந்த அக்கா.

குட்டி அடித்தாள். துணிப் பைக்குள்ளிருந்து அந்த வீடே அதிரும்படி மணி அடித்தது. சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தார். உள் அறைக் கதவை மகள் படாரென்று சாத்தினாள்.

"இப்ப நல்லாக் கேக்குது, பாருங்க" என்றார் அந்த அக்கா.

6

"நீங்க எழுதுங்க அண்ணி" என்றாள் குட்டி. மாடியில் துணியெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. "அவங்க உங்க தொடரைப் படிக்கிறாங்க. கதையா எழுதினா அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"நல்லா இருக்கே. நீ வாயால சொல்லத் துப்பில்லாததை நான் பேனாவால சொல்லணுமாக்கும்."

"எனக்கு முடியல அண்ணி. போய் நின்னா நாக்கு மேல ஒட்டிக்குது."

"வேலை போயிடும்னு பயமா?"

"அதுவும்தான். எங்க டீம் லீடர்கிட்ட சொன்னேன். சரி பண்ணிட்டியா, அப்புறம் என்ன, எழுத்துல மட்டும் எதையும் அனுப்பித் தொலைக்காதே, வாயை மூடிக்கிட்டு இருன்னாரு. அந்த மெஷின்ல பார்த்திருந்தாலும் அந்த ஆள் பிழைச்சிருப்பார்னு என்ன நிச்சயம்னு கேட்டாரு."

அந்த வாதத்தை நானும் எடைபோட்டுப் பார்த்தேன். அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கா சுமப்பது அதை இல்லையே. போனை எடுக்காமல் விட்டதைத்தானே சுமக்கிறார்? அதை இறக்கிவைக்க டாக்டர் வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும்.

எழுதுவது என்று முடிவு செய்து பத்திரிகை ஆசிரியரிடம் போனில் கதையைச் சொன்னேன்.

"கதை நல்லா இருக்கு மேடம். ஆஸ்பத்திரின்னு போட்டா எவனாவது நோட்டீஸ் விடுவான். பாஸ்போர்ட் ஆபீஸ் ஆக்கிடலாமா?"

"பாஸ்போர்ட் கிடைக்காம யாராவது சாவாங்களா சார்?"

"எம் மச்சான் கிட்டத்தட்ட செத்தான். சரி, லிஃப்ட்காரரை எலக்ட்ரீஷியன் ஆக்குங்க. லாண்டரியைப் பிஸ்கட் கம்பெனி ஆக்குங்க."

சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன். எதை மாற்றவில்லை என்பது ஒருவருக்குத் தெரியும்.

7

இந்தப் பகுதி முதல் பிரதியில் கிடையாது.

கதைக்குத் தேதிகள் வேண்டும். எந்த வாரம் பொத்தான், எந்த வாரம் போன், எந்த வாரம் சாவு என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். இல்லாவிட்டால் தொடரில் கர்ப்பிணிக்குப் பதினோரு மாதம் ஆகிவிடும். குட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் செத்தது இருபத்தொன்றாம் தேதி. அதை உடனே சொன்னாள்.

"தப்பான வரியை மாத்தினது?"

"அது... அப்புறம்தான்."

"எந்தத் தேதி? நீங்க மாத்தற ஒவ்வொண்ணுக்கும் தேதி விழும்னு நீதானே சொன்னே?"

சமையலறை மேசையில் அவள் கை இருந்தது. விரலால் மேசையில் இருந்த தண்ணீர்ச் சொட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"பன்னிரண்டு."

"அடுத்த மாசமா?"

"அதே மாசம் அண்ணி."

நான் தாளில் கோடு போட்டேன். பன்னிரண்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் உயிரோடு லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"பொத்தானை யார் அழுத்தினாங்க, எந்த ஏழு பேர் வெளிய போனாங்கன்னு அன்னைக்கே பார்த்திருக்கலாமில்ல?"

"பார்த்திருக்கலாம்."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"ஏன்டி பார்க்கல?"

"பார்த்தா ஏழு பேரு இருப்பாங்க அண்ணி. பார்க்காத வரைக்கும் அது வெறும் தப்பான வரி. மாத்திட்டு, நாலு மணிக்கு டீ குடிக்கப் போயிட்டேன். மூணு மாசம் கழிச்சு, வேற ஒரு ரிப்போர்ட்டுக்காக இறந்தவங்க பேரெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. அதுல ஒருத்தருக்கு நேரா அந்தப் பழைய தேதி இருந்துச்சு. அன்னைக்குத்தான் பார்த்தேன்."

நாலாம் பகுதியின் கடைசியில், 'அவர் போய் வெகுநாள் கழித்துத்தான் குட்டிக்குத் தன் தவறு தெரியவந்தது' என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஆறு பகுதிகள் வரை நான் அவளை எப்படி நம்பினேன், உங்களை எப்படி நம்பவைத்தேன் என்று தெரியட்டும்.

எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவியிருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். அவள் என் புருஷனுக்குத் தங்கை. அவள் குழந்தைக்கு நான்தான் பெயர் வைத்தேன். இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"இதையும் எழுதப்போறீங்களா?" என்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

"எழுதுவேன்."

"அதை மட்டும் விட்டுடுங்க அண்ணி. போன் வரலங்கறது போதுமே. அவங்களுக்கு அதுதானே வேணும்?"

நியாயமாகத்தான் இருந்தது. அந்த அக்காவுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். மிச்சத்தைச் சொன்னால் அவருக்குக் கூடுதலாக ஒரு வலிதான். அப்படி நினைத்து ஏழாம் பகுதியை எடுத்துவிட்டு ஒரு பிரதி தயார் செய்தேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது, குட்டி பாவமாக இருந்தாள். ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிய பொய்யை இறக்குவதற்காக எழுதிய கதையில் நானே புதிதாக ஒரு பொய்யை ஏற்றுகிறேன். கிழித்துப் போட்டேன்.

8

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று எழுதினேன்.

ஒன்று: குட்டி மூன்று மாடி ஏறிப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்த அக்கா அவளைக் கட்டிக்கொள்கிறார். மகள் ஓடிவந்து "அம்மா" என்கிறாள். (ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். ஒன்பது நாளைத் தெரிந்துகொண்ட ஒரு பெண் யாரையும் கட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவில்லை.)

இரண்டு: குட்டி போகவில்லை. அவள் கம்பெனி இன்னும் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு வரிசை செய்து தருகிறது. எல்லாம் சரியாக ஓடுகின்றன.

மூன்று: குட்டி போகிறாள். சொல்கிறாள். அந்த அக்கா கழுத்திலிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். குட்டி படியிறங்கும்போது மேலே ஒரு கதவு திறக்கிற சத்தம்.

மூன்றாவதை எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டேன். அது நான் ஆசைப்படுவது. நடந்ததாக எழுத எனக்கு உரிமை இல்லை.

அதனால் வேறொன்று செய்தேன். இந்தக் கடைசிப் பக்கம் நீங்கலாகப் பிரதியைத் திங்கட்கிழமை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, குட்டிக்குப் போன் செய்தேன். "வெள்ளிக்கிழமை காலையில பத்திரிகை கடைக்கு வந்துடும். ஒன்பது நாளும் அதுல இருக்கு."

அவள் வைத்துவிடுவதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நாலு நாள் இருக்கு குட்டி. அவங்களுக்கு இது பேப்பர்ல தெரியணுமா, ஒரு மனுஷி வாயால தெரியணுமாங்கறது உன் கையில இருக்கு."

"என்னை என்ன பண்ணுவாங்க அண்ணி?"

"தெரியாது. ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்கன்னும் தெரியாது. போலீஸ் வருமான்னும் தெரியாது. உங்கண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வைத்துவிட்டாள். போவேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதை எழுதும் இந்த நேரம் வரை என்னோடு பேசவும் இல்லை.

இனி நான் ஒருவரோடு மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் இருந்தால் இருக்கலாம்.

அக்கா, இது கதை என்றுதான் பத்திரிகையில் போட்டிருப்பார்கள். உங்கள் மகளைக் கூப்பிட்டு, அவள் வராவிட்டால் அவள் இருக்கும் அறையின் கதவருகே நின்று, இந்தப் பத்தியை மட்டும் சத்தமாகப் படியுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் பெயர் வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட நாளிலும், அதற்கடுத்த மூன்று நாட்களிலும், ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. ஆறு டிரம்மும் சுத்தமாக நின்றுபோயிருந்தாலும் உங்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. நீங்கள் எடுக்காமல் விட்ட போன் என்று ஒன்று கிடையாது.

இது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், கண்ணாடி போட்ட ஒரு பெண் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இரண்டாம் தடவையாக உங்கள் மாடி ஏறி வந்திருக்கிறாள். இப்போதுதான் தெரிகிறது என்றால், அவள் வரவில்லை; அவள் ஏன் வரவில்லை என்று ஏழாம் பகுதியில் இருக்கிறது. அவளை என்ன செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவளுக்காக உங்களிடம் கேட்கவும் மாட்டேன்.

கதை எப்படி முடிந்தது என்பது இப்போது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம். முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.